குழித் தேய்வு விதி

நான்கு தம்பதிகள் கூடி, கோல்ஃப் ஆடுவதற்கென்றே வெளிநாடு போவதாக முடிவெடுத்து, அதற்குத் திட்டம் போடும் செயலை இக்கட்டுரை 'குழிச்செலவு' என்று வழங்கும். குழி என்றது பந்து விழும் குழியை. செலவு என்றது இரட்டுற மொழிதல்: பயணம் என்பது பழைய பொருள், பணம் என்பது நடப்புப் பொருள். இரண்டில் எது மிகும் என்பதே ஆய்வின் முதல் வினாவாக இருந்தது. இரண்டாம் கூட்டத்திலேயே அதற்கு விடை தெரிந்துவிட்டதால், வேறு வினாக்களைத் தேட வேண்டியதாயிற்று.

ஆய்வுக்களம், பெங்களூரு ஈஜிபுராவில் ஓர் அடுக்ககத்தின் மொட்டைமாடி. இன்னும் துல்லியமாகச் சொன்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் இடைப்பட்ட பகுதி. தகவலாளிகள் அ, ஆ, இ, ஈ ஆகிய நான்கு வீட்டார். அ வீடு என்னுடையது. அங்கே பெற்ற தரவுகள் மட்டும் என் மனைவியின் மேற்பார்வைக்குப் பிறகே இங்கு அச்சாகின்றன. எட்டுப் பேரில் கோல்ஃப் ஆடுவோர் இரண்டரைப் பேர். ஆ வீட்டுக்காரர் ஒருவர், ஈ வீட்டுக்காரர் ஒருவர். அரை என்பது நான். நண்பர் ஒருவரின் தயவில் ஒரு வாளிப் பந்து அடித்திருக்கிறேன். அவற்றில் சில முன்பக்கமாகவே போயின.

ஈஜிபுராவை ஏன் தேர்ந்தாய் எனின், இங்கே குடியிருப்பதால் என்க. ஆயினும் களத்துக்குத் தகுதி உண்டு. ஆட்டோவில் எட்டும் தூரத்தில், தொம்லூரில், செல்லகட்டா ஏரி இருந்த இடத்தில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் 18 குழித் திடல் இருக்கிறது. நகரின் மறுபக்கம் 1876-இல் தோன்றிய பெங்களூர் கோல்ஃப் கிளப். இவ்விரண்டும் இருக்க வெளிநாடு எதற்கு எனின், அற்றன்று. இவ்விரண்டிலும் நாங்கள் உறுப்பினர் அல்லோம் ஆகலின். உள்ளூர்க் கிளப்பில் உறுப்பினராவதைவிடக் கடல் கடந்து காசு கட்டி ஆடுவது எளிது. இது ஆ வீட்டுக்காரரின் வாதம். மறுத்துப் பேச யாரிடமும் புள்ளிவிவரம் இல்லை.

முதல் கூட்டத்தில் ஸ்காட்லாந்து முடிவாயிற்று. கோல்ஃபின் தாய்வீடு, அதிலும் செயின்ட் ஆண்ட்ரூஸ். 22 குழிகளோடு இருந்த அந்தப் பழைய திடலை 1764-இல் 18 ஆக்கினார்கள். உலகமே பிறகு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. ஆறு நாள், நாளுக்கு 18 குழி, ஆக மொத்தம் 108 என்று ஈ வீட்டுக்காரர் கணக்குச் சொன்னதும் இ வீட்டு மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஆடுபவர் அல்லர். ஆனால் திவ்யதேசங்களில் பாதிக்கு மேல் சேவித்தவர். 108 என்றதும் அவருக்கு விளையாட்டின் மேல் ஒரு மதிப்பு வந்தது. விதிப்புத்தகத்தைப் புரட்டினால் குழியின் குறுக்களவும் 108 மில்லிமீட்டர் என்றே இருக்கிறது. அன்று அந்த மொட்டைமாடியில் எதிர்ப்பே இல்லை. மாடி ஓரத்தில் நின்றால் தெரியும் ஈஜிபுரா மேம்பாலத் தூண்களைக் காட்டி, "அது முடியறதுக்குள்ள நாம போயிட்டு வந்துடுவோம்" என்றார் ஆ வீட்டுக்காரர். இரண்டரை கிலோமீட்டர் பாலம் அது. 2017-இல் தொடங்கி, ஒப்பந்தக்காரர் மாறி, தலையில் தளமின்றித் தூண்கள் வருடக்கணக்கில் வெயில் காய்ந்தன. ஒப்பிடுவதற்கு அதைத் தேர்ந்தெடுத்ததை முறையியல் பிழை என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாம் கூட்டத்துக்குள் இடையூறுகள் தெரிந்துவிட்டன. பழைய திடலில் ஆட ஹேண்டிகாப் சான்று வேண்டும். இரண்டரைப் பேரில் ஒருவரிடம்தான் இருந்தது. அதன் பிறகும் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது. அன்று ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு திடலில் உலாவுவார்கள். "அப்ப ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் போலாமே" என்றார் ஈ வீட்டு அக்கா. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆகவே தாய்லாந்து, மூன்று நாள், 54 குழி. ஹுவா ஹின்னில் ரயில் நிலையத்தை ஒட்டியே 1924-இல் போட்ட திடல் ஒன்று உண்டு. ரயிலை விட்டு இறங்கினால் ஆடலாம். ஆனால் அந்நாட்டுத் திடல்களில் கேடி அமர்த்திக்கொள்வது பெரும்பாலும் கட்டாயம். கேடிகள் பெரும்பாலும் பெண்கள். எதிர்ப்பு இல்லத்தரசிகளிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. "பாவம், வெயில்ல பையைத் தூக்கிக்கிட்டு வர்றதுக்கு எவ்வளவு குடுப்பாங்க?" என்ற ஒரே கேள்விதான் வந்தது. எதிர்த்தவர் ஆ வீட்டுக்காரர். கேடி கூடவே வந்து அடிகளை எண்ணுவார். எண்ணியதை அட்டையில் எழுதுவார். அட்டை மனைவி கைக்குப் போகும். இதுவரை அவர் வீட்டில் சொல்லிவந்த எண்ணுக்கும் அட்டையின் எண்ணுக்கும் உள்ள இடைவெளியை எண்ணித் தாய்லாந்து கைவிடப்பட்டது.

மூன்றாம் கூட்டத்தில் இலங்கை. 27 குழி. இந்த இடத்தில்தான் விதி புலப்பட்டது. 108, 54, 27. ஒவ்வொரு கூட்டத்திலும் குழிகள் சரிபாதியாகின்றன. கதிரியக்கத் தனிமங்களுக்கு அரை ஆயுள் இருப்பதுபோல் குழிச்செலவுக்கும் உண்டு. அது ஒரு கூட்டம். இதையே குழித் தேய்வு விதி என்கிறேன்.

இலங்கையின் பெருமை தனி. கொழும்பில் 1879-இல் தொடங்கிய ராயல் கிளப் இருக்கிறது. களனி வெளிப் பாதையின் ரயில் அதன் திடலை ஊடறுத்துப் போகும். ரயில் வந்தால் நாம்தான் நிற்க வேண்டும். ஈஜிபுரா சிக்னலில் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நுவரெலியாவில் 1889 முதல் திடல் உண்டு, கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே, ஊருக்கு நடுவில். பக்கத்தில் ஹில் கிளப். இராச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்டதற்காகவே பெயர் பெற்றது. அதுவும் நம் பெங்களூர் கோல்ஃப் கிளப்பைப் போலவே 1876-இல் பிறந்தது. அங்கே தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழரின் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். வழி கேட்க ஆங்கிலம் தேட வேண்டியதில்லை. சீதா எலியவில் சீதையம்மன் கோயில். இதைக் கேட்டதும் இ வீட்டு மாமாவுக்கு 108 போன வருத்தம் பாதி குறைந்தது.

பெங்களூரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேர விமானம். ஈஜிபுராவிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் சுமார் 40 கிலோமீட்டர். மாலையில் கிளம்பினால், நாட்டை விட்டுப் போவதைவிட ஊரை விட்டுப் போவதற்கே நேரம் அதிகமாகும். 2008 மே மாதம் வரை விமானம் பக்கத்திலேயே, எச்.ஏ.எல். நிலையத்தில் ஏறியது, அந்தக் காலத்தில் குழிச்செலவு நடந்திருக்கும். ஆனால் அப்போது எங்களில் யாரிடமும் மட்டை இல்லை.

இனி, யார் யாரோடு ஆடுவது. கோல்ஃபில் நால்வர் சேர்ந்தால் ஒரு ஃபோர்பால். இலங்கையின் பெருமை கேட்ட உற்சாகத்தில் எண்மரும் ஆடுவதென்று மூன்றாம் கூட்டத்தில் முடிவாகியிருந்தது (தெரியாதவர்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்). எண்மரை இரண்டு நால்வராகப் பிரிக்க 35 வழிகள் உண்டு. தம்பதிகள் பிரியாமல் இருக்க வேண்டுமென்றால் அது 3 ஆகச் சுருங்கும். எந்தக் கணவனும் மனைவியும் ஒரே அணியில் இருக்கக் கூடாதென்றால் 8. எஞ்சிய 24-இல், ஒவ்வோர் அணியிலும் ஒரு ஜோடி சேர்ந்தும் மற்ற இருவர் துணையை விட்டும் நிற்பார்கள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிச் சுற்றுக்கு விட்டு, பிடித்ததை டிக் செய்யச் சொன்னேன். ஆண்கள் நால்வரும் 3-ஐ டிக் செய்திருந்தார்கள். மனைவி பார்ப்பாள் என்பதால். பெண்கள் நால்வரும் 8-ஐ டிக் செய்திருந்தார்கள். பார்த்தால் என்ன என்பதால். ஆ வீட்டு அம்மா பக்கத்தில் சிறு எழுத்தில் எழுதியிருந்தார்: "அவர் பக்கத்துல நின்னா சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சுடுவார்."

கலைச்சொல் சிக்கலையும் பதிய வேண்டும். மூன்றாம் கூட்டத்தின் பதிவு இது:

"காலைல ஆறு நாப்பதுக்கு டீ டைம்."

"யார் போடுறது?"

"யாரும் போட வேணாம். அவங்க குடுத்துடுவாங்க."

"ஆறு நாப்பதுக்கேவா? சர்க்கரை கம்மியா சொல்லிடுங்க."

பந்தை முதல் அடி அடிக்க ஒதுக்கும் நேரம் என்பதை ஈ வீட்டுக்காரர் விளக்கி முடிக்கையில், நுவரெலியாவில் தேயிலைத் தொழிற்சாலை பார்ப்பது திட்டத்தில் சேர்ந்துவிட்டிருந்தது. ஒரு காலை போயிற்று. பிறகு ஹக்கல பூங்கா. பிறகு கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயில். காரில் போனால் மலை தெரியாதாம். பள்ளி விடுமுறை ஏப்ரலில். ஏப்ரலில்தான் நுவரெலியாவிலும் சீசன், அறை கிடைப்பது கடினம். நான்காம் கூட்டத்தின் முடிவில் விதி பொய்க்கவில்லை: 13½ குழி.

பாதிக் குழி என்றால் என்ன? சமமாக முடிந்த குழியைப் பாதியாயிற்று என்று சொல்லும் மரபு கோல்ஃபில் உண்டு. அது இங்கே பொருந்தாது. பந்தை அடித்துவிட்டுப் பாதி தூரம் நடந்திருக்கையில் வேன்காரர் ஹாரன் அடிப்பார். பந்து அங்கேயே கிடக்கும். அதுவே பாதிக் குழி என்பது என் துணிபு.

இவ்விடத்து ஓர் ஐயம். இப்படியே தேய்ந்தால் குழிச்செலவு நடவாது போகுமோ எனின், போகாது. அகத்திணையில் செலவழுங்குதல் என்றொன்று உண்டு. தலைவன் புறப்பட நினைத்து, தலைவி முகம் பார்த்துத் தயங்கி நிற்பது. அது போகாமல் விடுவதன்று, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்கான தாமதமே என்று தொல்காப்பியர் தெளிவாகவே சொல்லிவிட்டார். எங்கள் நான்கு கூட்டங்களும் செலவழுங்குதலே. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே தேற்ற வேண்டியிருந்தது தலைவர்களை. தலைவியர் நால்வரும் நானுஓயா ரயிலுக்கு ஜன்னலோர இருக்கை கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மட்டைப் பையின் விதியும் அவர்கள் கையில் போயிற்று. ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் ஆட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். குறைவாகக் கொண்டுவரத் தடையில்லை. இதைக் கண்டுபிடித்தவர் ஈ வீட்டு அக்கா. ஏழு மட்டைகளை வெளியே எடுத்துவைத்து, அந்த இடத்தில் இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் பாட்டில் ஆகியவற்றைத் துண்டில் சுற்றி இறக்கிப் பார்த்தார். அளவெடுத்ததுபோல் பொருந்திற்று. கோல்ஃப் இல்லாவிட்டாலும் அந்தப் பை கட்டாயம் வர வேண்டும் என்பதில் அன்றே ஒருமித்த கருத்து ஏற்பட்டது.

செய்முறைப் பயிற்சி நான்காம் கூட்டம் முடிந்ததும் நடந்தது. இ வீட்டு அக்காவின் டவராவைப் படுக்கவைத்துக் குழியாக்கினோம். டேப்பால் அளந்ததில் அதன் வாய் 95 மில்லிமீட்டர். சட்டக் குழியைவிட 13 குறைவு. பந்து 42.67 மில்லிமீட்டர், எனவே போதும். மொட்டைமாடித் தரை மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிவு வைத்துப் பூசியது. ஆ வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிச் சரிவைப் படித்தார், எழுந்து அடித்தார், பந்து குழாய்க்குள் போயிற்று. ஈ வீட்டுக்காரர் துணிக்கொடியைக் குறை சொன்னார், குழாய். நான் அடித்தது குழாய்க்கும் போகவில்லை. பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் என்பது 2019 முதல் விதி. தொட்டிக்குப் பின்னால் பத்து நிமிடம் தேடினோம்.

காய்ந்த துணி எடுக்க வந்த இ வீட்டு அக்கா, கையில் இருந்த போர்வையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு மட்டையை வாங்கினார். கண்ணை மூடவில்லை, குந்தவில்லை. இருபது வருடமாக அந்தத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர். சுவரைப் பார்த்து அடித்தார். பந்து வளைந்து, குழாயை ஒதுக்கி, டவராவில் டங் என்று விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "இன்னொண்ணு குடுங்க" என்றார். அதுவும் விழுந்தது.

ஐந்தாம் கூட்டத்துக்கு 6¾ குழி வர வேண்டும். இ வீட்டு அக்கா மட்டும் 18-க்குக் குறைந்தால் வரமாட்டேன் என்கிறார். விதியின் முதல் முரண்தரவு இது. டவராவில் இரண்டு இடத்தில் நெளிவு. அதைத் தட்டி நேராக்கித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் தம்ளர் இ வீட்டில்.