அவர் திவால், வீடு யாருக்கு?

கேள்வி: விவாகரத்தாகி நாலு வருஷம். முன்னாள் கணவர் இப்போது திவால். வீடு இன்னும் இருவர் பேரிலும் இருக்கிறது. நானும் பிள்ளைகளும்தான் குடியிருக்கிறோம். அவர் கடனுக்கு வீடு போய்விடுமா?
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: தாலியைக் கழற்றிய கையோடு பத்திரத்தையும் கவனித்திருக்கலாமே, அம்மணி!

உங்கள் பங்கு உங்களுடையதுதான். வீட்டை விற்றாலும் அந்தப் பங்கின் பணம் உங்களுக்கே. ஆனால் அவர் பங்கு, அவர் சொத்தை விற்றுக் கடனை அடைக்கும் டிரஸ்டியிடம் போய்விட்டது. புதுப் பங்காளி குறட்டை விடமாட்டார், கணக்கு மட்டும் பார்ப்பார். விற்க அனுமதி கேட்டு அவர் நீதிமன்றம் போகலாம். இங்கிலாந்துச் சட்டப்படி முதல் வருஷம் உங்கள் நிலைமை, பிள்ளைகள் எல்லாம் எடுபடும். அப்புறம், விதிவிலக்கான சூழ்நிலை இல்லாவிட்டால், கடன்காரர்கள் கைதான் ஓங்கும்.

வழக்கமாக ஒரே வருஷத்தில் திவாலிலிருந்து விடுதலை. முன்னாளார் துள்ளுவார். பங்கு மட்டும் டிரஸ்டியிடமே இருக்கும். 3 வருஷம் டிரஸ்டி சும்மா இருந்தால் அது உங்களுக்கு வரும் என்று நினைக்காதீர்கள், முன்னாள் கணவருக்கே திரும்பும்!

மார்ட்கேஜ் இருவர் பேரில் என்றால் முழுத் தவணைக்கும் பாங்க் உங்கள் கதவைத்தான் தட்டும்.

நல்ல வழி, மார்ட்கேஜ் கழித்து முன்னாள் கணவர் பங்குக்கு டிரஸ்டியிடம் விலை பேசி நீங்களே வாங்கிவிடுவது. அந்தப் பங்கு 1,000 பவுண்டுக்கும் கீழே என்றால் விற்பனை உத்தரவே கிடைக்காது. இந்த வாரமே ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள். விவாகரத்து உத்தரவில் வீட்டைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால், அந்தத் தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.