வெட்டுப்புள்ளி மாஸ்டர்

உயர்தரப் பெறுபேறு வந்த மறுநாள் உரும்பிராயில் மூன்று இடங்களில் கூட்டம் நிற்கும். கற்பகப் பிள்ளையார் கோவில், சந்தியில் இருக்கும் கொமினிகேசன் கடை, வெட்டுப்புள்ளி மாஸ்டர் வீட்டு விறாந்தை. பிள்ளையார் கேட்டதைத் தருவார் என்று உறுதியில்லை. மாஸ்டர் கேளாததையும் தருவார்.

மாஸ்டர் ஒருநாளும் வகுப்பெடுத்தவரல்லர். கச்சேரியில் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பஸுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதாலேயே மாஸ்டரானார். இவரைப் போல் ஒருவர் கோண்டாவிலிலும் இருக்கிறார், நீர்வேலியிலும் இருக்கிறார். ஒருவர் விண்ணப்பத்தில் போட்ட விருப்ப ஒழுங்கை மற்றவர் பார்த்தால், “ஆர் உதைப் போட்டது?” என்பதுதான் முதற்கேள்வி.

பல்கலைக்கழக மானிய ஆணைக்குழுவின் கைநூல் அவர் மேசையில் எப்போதும் விரிந்தபடி கிடக்கும். விளிம்பெல்லாம் நிறம் நிறமாய்க் கடதாசித் துண்டு ஒட்டியிருக்கும். சிவப்பு ஒட்டினால் சட்டம், பச்சை ஒட்டினால் முகாமைத்துவம். கலைப்பிரிவுக்கு நிறம் இல்லை. “அது தன்ரை பாட்டிலை வரும்” என்பார். பழைய வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாக, நாலு தசமதானம் வரை மனப்பாடம். தன் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை மட்டும் மனைவியிடம் கேட்டுத்தான் சொல்வார்.

மகள் மூன்று ஏ எடுத்தாளென்று ரொபி கொண்டு போனவர்களிடம் அவர் முதலில் கேட்பது, “இசட்?” என்பதைத்தான். எழுபத்தைந்துக்கு மேல் எடுத்த எல்லாருக்கும் ஏ ஒன்றுதான். இசட் புள்ளி அப்படியல்ல. அந்தப் பாடத்தில் நாட்டின் சராசரியை விட எவ்வளவு மேலே நிற்கிறாய், மற்றவர்களின் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று பார்த்து, மூன்று பாடத்தையும் கூட்டிப் பிரிக்கிறார்கள். ஆகவே மூன்று ஏக்காரியை இரண்டு ஏக்காரி முந்தவும் கூடும். இதை மாஸ்டர் விளக்கி முடிக்கும்போது ரொபி கொண்டுவந்த தகப்பனின் முகத்தில் இனிப்பு இருக்காது.

கலியாணப் பேச்சுக்கால் வந்தாலும் இதே அளவுகோல்தான். “பெடியன் எந்த வருசம், எத்தினையாம் ஷை?” என்று எத்தனையாம் தடவைச் சோதனை என்பதையும் கேட்பார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இசட் முறை வந்தது. அதற்கு முன் படித்தவர்களை மாஸ்டர் அவ்வளவாக நம்புவதில்லை. தன்னையும் சேர்த்துத்தான்.

அவர் எழுதியது எழுபதுகளின் தரப்படுத்தற் காலம். தமிழில் சோதனை எழுதிய பெடியன் அதே துறைக்குக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்த காலம். பொறியியலுக்குச் சில புள்ளி குறைந்து கச்சேரிக் கதிரைக்கு வந்தவர். யாழ்ப்பாண வளாகம் 1974இல் திருநெல்வேலியில், பழைய பரமேஸ்வராக் கல்லூரியில் திறந்தபோது, அதன் வாசலால் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாராம். அதனால் அவருடைய முதல் வேதம், “கிடைக்கிறதை விடாதை.”

போன தடவை கலைப்பிரிவுப் பிள்ளை ஒருத்தி தாய் தகப்பனோடு வந்தாள். அரசியல் விஞ்ஞானம், புவியியல், பொருளியல். இசட் ஒன்று தசம் ஐந்தும் சொச்சமும்.

“பிள்ளைக்கு என்ன விருப்பம்?” என்று மாஸ்டர் தகப்பனைக் கேட்டார்.

“சட்டம்” என்றார் தகப்பன். “யாழ்ப்பாணம். வீட்டிலை இருந்து போய்வரலாம்” என்றார் தாய். வட்ஸப்பில் ரொறன்ரோ மாமா, “கம்பியூட்டர் ஏதும் போடுங்கோ” என்றார்.

“பேராதனை, சமூகவியல்” என்றாள் பிள்ளை.

மாஸ்டர் கைநூலைப் புரட்டினார். “சமூகவியல் எண்டு குறியீடு இல்லையே?”

“கலை எண்டுதான் மாஸ்டர் எடுப்பினம். முதல் வருசம் முடியத்தான் பாடம் பிரிப்பினம்.”

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சட்டத்துக்குத் தாவினார். நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கு, ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று விரலில் எண்ணி, “வன்னியிலை படிச்சிருந்தா இண்டைக்கு உவள் லோயர்” என்று தகப்பனைப் பார்த்தார். உரும்பிராயில் பிறந்ததற்குத் தகப்பன் தலைகுனிந்தார்.

அரை மணித்தியாலத்தில் ஒழுங்கு தயாரானது. முதலாவது, யாழ்ப்பாணம் கலை. இரண்டாவது, கிழக்குப் பல்கலைக்கழகம். பேராதனை ஐந்தாவது. சட்டம் ஆறாவது, “ஒரு மரியாதைக்கு.”

பிள்ளை பார்த்தாள். “கொம்பியூட்டர் மேலையிருந்துதானே மாஸ்டர் பாத்துக்கொண்டு வரும்? முதல் பொருந்தினதிலை நிண்டிடும். நிச்சயம் கிடைக்கிறதை முதலாவதாப் போட்டா, கீழை இருக்கிற எல்லாம் சும்மா அலங்காரம்தானே?”

விறாந்தை அமைதியானது. பிளேன்ரீ கொண்டுவந்த மாஸ்டரின் மனைவி தட்டோடு நின்றுவிட்டார்.

“பேராதனையை மேலை போட்டு அது கிடைக்காட்டி?”

“அடுத்ததைப் பாக்கும். மேலை போட்டதுக்காகக் கீழை இருக்கிறதுக்குப் புள்ளி வெட்டமாட்டினம். ஆசைப்படுறது மேலை, போகச் சம்மதமானது நடுவிலை, கட்டாயம் கிடைக்கிறது அடியிலை. போகவே மாட்டன் எண்டதை எழுதவே கூடாது.”

“அப்ப சட்டம்?” என்றார் தகப்பன்.

“அதுக்கு மேலை பேராதனை நிண்டா, பேராதனையிலையே நிண்டிடும் அப்பா” என்றாள் பிள்ளை, மிகுந்த மரியாதையோடு.

மாஸ்டர் விடவில்லை. கோப்பாய்க் கல்வியியற் கல்லூரிக்கும் போடச் சொன்னார். திறந்த பல்கலைக்கழகச் சட்டமாணியைச் சொன்னார். மருதனாமடத்து இசைப் படிப்பைச் சுட்டி, “சங்கீதம் தெரியுமோ?” என்றுகூடக் கேட்டார். அமெரிக்காவில் பிள்ளைகள் ஒரே விண்ணப்பத்தில் இருபது கல்லூரி வரை கேட்கலாமென்றும், தங்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமென்றும் ரொறன்ரோ மாமா இடையில் சொன்னபோது மட்டும் மாஸ்டருக்குக் கோபம் வந்தது. “அங்கை பிள்ளை தன்னைப் பற்றிப் புளுகோணும். இஞ்சை அந்த வேலையை நாங்கள் செய்யிறம்!”

பென்சிலால் எழுதி, பிறகு பேனையால் உருட்டும் படிவமென்றால் மாஸ்டர்தான் வென்றிருப்பார். இப்போது விண்ணப்பம் இணையத்தில். கடவுச்சொல் பிள்ளையிடம். அன்று பின்னேரம் கொமினிகேசனில் மாஸ்டரின் கடதாசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் ஒழுங்கைத் தானே தட்டினாளாம்.

இது மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்குமா? கொமினிகேசன் பெடியனுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் அவர்தானே. ஆனால் அவர் கவலைப்படவில்லை. பேராதனை கிடைத்தால், “ஐஞ்சாவதா நான் போட்டது, எப்பிடி ஏறி வந்திருக்கு பாத்தியளே?” யாழ்ப்பாணம் கிடைத்தால், “நான் அப்பவே சொன்னனான்.” இரண்டும் இல்லையென்றால், “என்ரை ஒழுங்கை மாத்தினவை. சரி, செகண்ட் ஷைக்கு வாங்கோ.”