நான்காம் காலம்: கல்லாற்றை முன்வைத்து ஒரு வினைச்சொல் ஆராய்ச்சி

தமிழுக்குக் காலம் மூன்று என்று தொல்காப்பியர் சொல்லி, நன்னூலார் வழிமொழிந்து, பள்ளிக்கூடங்கள் ஆண்டுதோறும் இரண்டு மதிப்பெண் போட்டு உறுதிசெய்துவிட்ட பிறகு, நான்காவதாக ஒன்று இருக்கிறது என்று கிளம்புவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி என்பதே நம் மரபு. கூட்டத்தொடர் முடிந்து ஊர் திரும்பும் சட்டமன்ற உறுப்பினர் தம் தொகுதி மக்களுக்கு வெளியிடும் செயல் அறிக்கை ஒரு தனி இலக்கிய வகை. துண்டறிக்கையாகவும் ஃபிளெக்ஸாகவும் வாட்ஸ்அப் செய்தியாகவும் அது பெருகிக் கிடக்கிறது. இத்தனை இலக்கியம் இருந்தும் இலக்கணம் எழுதப்படாமல் இருப்பது புலவர்களின் சோம்பலையே காட்டுகிறது. அந்தக் குறையில் வினையியலை மட்டும் இக்கட்டுரை நிரப்புகிறது. பெயரியலுக்கு, குறிப்பாக உறுப்பினர் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிகளுக்கு, தனி நூல் வேண்டும்.

ஆய்வுக்களம் கல்லாறு. ஊட்டி ரயில் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலையேறத் தொடங்கும் மேட்டுப்பாளையத்துக் கல்லாறு அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் கடந்துபோகும் கல்லாறு. உருண்டைப் பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயர். அழகுக்காக இந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அடிவாரத்துக் கல்லாறு விதுரா ஊராட்சியில், அருவிக்கரைத் தொகுதியில் இருக்கிறது. மேலே பொன்முடியோ பெரிங்ஙம்மல ஊராட்சியில், வாமனபுரம் தொகுதியில். சாலை ஒன்று, உறுப்பினர்கள் இருவர். ஒரே தாரை இரண்டு அறிக்கைகளில் பூச இடமுள்ள ஊர் ஆய்வாளனுக்கு எளிதில் கிடைப்பதில்லை. மொழியிலும் அப்படியே. கீழே மலையாளம், மேலே தேயிலைத் தோட்டத்து லயங்களில் தமிழ். ஒரே செய்தி இரண்டு இலக்கணங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மலையைவிட்டு இறங்காமலே பார்த்துவிடலாம்.

இவ்வகை அறிக்கைகளின் தலையாய வினை, மலையாளத்தில், ‘அனுவதிச்சு’. தமிழகத்தில் இதன் உடன்பிறப்பு ‘நிதி ஒதுக்கப்பட்டது’. உருவத்தில் இறந்தகாலம், அதில் ஐயமில்லை. ஆனால் பாலத்துக்கு இன்ன தொகை ஒதுக்கப்பட்டது என்னும்போது பாலம் எந்தக் காலத்தில் நிற்கிறது? இறந்தகாலத்தில் இல்லை, யாரும் கட்டவில்லை. நிகழ்காலத்தில் இல்லை, போய்ப் பார்த்தால் ஆறுதான் தெரிகிறது. எதிர்காலம் என்றும் சொல்ல முடியாது. எதிர்காலத்துக்கு நாளை, மறுநாள், அடுத்த ஓணம் என்று ஏதாவது ஒரு நாள் ஒட்ட வேண்டும். இங்கே ஒட்டுவது தொகை மட்டுமே. காலம் காட்டும் இடைநிலை இருக்க வேண்டிய இடத்தில் லட்சமும் கோடியும் நிற்பதுதான் நான்காம் காலத்தின் முதல் அடையாளம். கேரள பட்ஜெட்டில் ‘டோக்கன்’ ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. கோடிக்கணக்கில் மதிப்பீடு போட்ட சாலைக்கும் பாலத்துக்கும் முதல் தவணையாக 100 ரூபாய் எழுதிவைப்பார்கள். பெயர் ஏறிவிட்டது, பணம் பிறகு என்று பொருள். 100 ரூபாயில் பாலம் கட்ட முடியாது. இரண்டு பேர் தேநீரும் பழம்பொரியும் சாப்பிடலாம். ஆனாலும் ‘பட்ஜெட்டில் இடம்பெற்றது’ என்ற வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. அதற்குப் பின் பரணானுமதி என்னும் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம், இடம் ஒப்படைப்பு, அடிக்கல். ஒவ்வொரு படிக்கும் ஓர் இறந்தகால வினை, ஒவ்வொரு வினைக்கும் ஒரு ஃபிளெக்ஸ், ஒவ்வொரு ஃபிளெக்ஸின் அடியிலும் தொண்டர்களின் ‘அபிவாத்யங்ஙள்’, அதாவது வாழ்த்துகள். முதல் கல் விழுவதற்குள் பாலம் ஆறு முறை நிறைவேறிவிடுகிறது.

இரண்டாவது அடையாளம் எழுவாயின் நடத்தை. மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ உருபுக்குக் கருத்தாப் பொருள் உண்டு என்பதும், கருத்தா ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இருவகை என்பதும் எல்லோரும் படித்தது. கோயில் எழுப்பச் சொன்ன அரசன் முதல் வகை, எழுப்பிய சிற்பி இரண்டாம் வகை. ‘எம்.எல்.ஏ.வின் முயற்சியால்’ என்பதில் உறுப்பினர் எந்த வகை? அவர் கொத்தனார் அல்லர். ஏவும் அதிகாரம் அமைச்சரிடமும் நிதித் துறையிடமும் இருப்பதால் ஏவியவரும் அல்லர். கேட்டவர். ஆகவே ‘கோருதற் கருத்தா’ என்று மூன்றாம் வகை ஒன்றை ஏற்பது தவிர வேறு வழியில்லை. தொகை வந்தால் இந்தக் கருத்தா வண்ணப் படத்தோடு தோன்றுவார். வராவிட்டால் வாக்கியம் உடனே செயப்பாட்டு வினையாகி, கருத்தா காணாமல் போவார்: ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’. யாரால் என்று கேட்கக் கூடாது. எழுவாய் தோன்றாமல் இருப்பதற்கும் நம் இலக்கணத்தில் இடமுண்டு. ‘வருகிறது’ என்ற துணைவினையையும் கவனிக்க வேண்டும். தலைநகரிலிருந்து கல்லாறு 50 கிலோமீட்டருக்கும் குறைவு. நடவடிக்கை நடந்தே வந்தாலும் இரண்டு நாளில் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த மறைப்பில் மலையாளத்துக்குள்ள வசதி தமிழுக்கு இல்லை என்பதைப் பொறாமையோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழில் வினை வாயைத் திறந்தாலே செய்தவர் யார் என்று விகுதி காட்டிக்கொடுத்துவிடும்: கேட்டேன், கேட்டார், கேட்டனர். மலையாள வினைக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. ‘அனுவதிச்சு’ என்றால் நான், நீ, அவர், அரசாங்கம், ஆண்டவன் எல்லோருக்கும் பொது. ஏ.ஆர். ராஜராஜவர்மா 1896இல் வெளியிட்டு 1917இல் திருத்திய கேரளபாணினீயத்தில், மலையாளம் தமிழிலிருந்து விலகிய ஆறு வழிகளில் ஒன்றாக இதைக் குறித்து, ‘புருஷபேத நிராசம்’ என்று பெயரும் வைத்தார். அவர் பாடம் நடத்திய கல்லூரி இன்றைய சட்டமன்றக் கட்டடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். தமிழ் உறுப்பினர் ‘படு’ என்ற துணைவினையைச் சுமந்து பட்ட பாட்டில் சாதிப்பதை, மலையாள உறுப்பினர் விகுதியே இல்லாமல் சாதித்துவிடுகிறார். லயத்தில் இருக்கும் தமிழ் வாக்காளருக்கு அந்தச் செய்தியை மொழிபெயர்க்கிறவர் பாடுதான் திண்டாட்டம்; ஏதாவது ஒரு விகுதியைப் போட்டாக வேண்டும், போட்டால் பழி வரும்.

இனி மறுப்புகள். இலக்கணம் கற்றவர்கள் முதலில் எழுப்பும் தடை வலுவானது. இது புதிய காலமல்ல, நன்னூல் அனுமதித்த காலவழுவமைதிதான் என்பார்கள். விரைவு, மிகவு, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால் ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்லலாம். சட்டையை மாட்டிக்கொண்டே ‘இதோ வந்துட்டேன்’ என்பது விரைவு. நல்லது, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்போம். விரைவு பொருந்தாது, இதில் விரைவு இருப்பதாக ஒப்பந்ததாரரே சொல்ல மாட்டார். மிகவு என்றால் நடப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்பது; அதை நிதித் துறையின் கருவூலக் கட்டுப்பாடுகள் அவ்வப்போது மறுக்கின்றன. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் மழை பெய்துவிட்டதாகவே சொல்லும் தெளிவு, அடிக்கல்லைப் பார்த்துப் பாலத்தைச் சொல்வதற்குப் போதாது. எறும்பு இதுவரை ஏமாற்றியதில்லை. எஞ்சுவது இயல்பு. இங்கேதான் நம் கோட்பாடு சற்றுத் தள்ளாடுகிறது. மூன்று காலத்துக்கும் பொதுவான பொருள்களுக்கு மலையையும் ஆற்றையும் எடுத்துக்காட்டுவது உரையாசிரியர் வழக்கம். மலை நின்றது, நிற்கிறது, நிற்கும். பாலமும் அப்படித்தானே, ஒதுக்கப்பட்டது, ஒதுக்கப்படுகிறது, ஒதுக்கப்படும் என்று எதிர்தரப்பு கேட்டால் உடனே பதில் சொல்வது கடினம். யோசித்துச் சொல்லும் பதில் இது: மலை தன் இயல்பைச் சொல்ல ஃபிளெக்ஸ் வைத்துக்கொள்வதில்லை.

தையல்காரரும் இப்படித்தானே, ‘தைச்சாச்சு, பட்டன் மட்டும்தான் பாக்கி’ என்பார் என்பது அடுத்த தடை. அவர் தொகை சொல்லும்போது நாம் கொடுக்கிறோம், எம்.எல்.ஏ. சொல்லும் தொகையும் நாம் கொடுத்ததுதான் என்றாலும் அபிவாத்யம் நமக்கு வருவதில்லை. இந்த ஒப்புமையை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது தடை அரசியல் அறிஞர்களுடையது. சட்டமன்றத்தின் வேலை சட்டம் இயற்றுவது. கூட்டத்தொடர் முடிவில் உண்மையாகவே முடிந்திருப்பது மசோதாக்களும் மானியக் கோரிக்கைகளும்தான். அவற்றை எழுதினால் நேர்மையான இறந்தகாலம் கிடைக்குமே என்கிறார்கள். உண்மை. துறைவாரிக் குழுக்களை 1980இலேயே அமைத்து நாட்டுக்கு வழிகாட்டிய கேரள அவையில், உறுப்பினர்கள் அந்தக் குழுக்களில் மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பார்க்கிறார்கள். அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. எழுதியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகச் சான்று உண்டு. பிரிஸ்டல் உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1777இல் தம் தொகுதியின் ஷெரிஃப்களுக்கு நீண்ட கடிதம் எழுதி, அமெரிக்கா பற்றி நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களையே விளக்கினார். நிழற்குடை ஒன்றுகூட அதில் இல்லை. 1780இல் அதே பிரிஸ்டலில் வெல்ல முடியாது என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகினார். விலகியதற்கு அயர்லாந்து வணிகம் முதலிய வேறு காரணங்களை வரலாற்றாசிரியர்கள் சொல்வது அவர்கள் துறைக்கு இயல்பு.

திருவிதாங்கூருக்கு இதில் சொந்தப் பாரம்பரியமும் உண்டு. 1888இல் அங்கே தோன்றிய சட்டசபை வேறு, 1904இல் தோன்றிய ஸ்ரீமூலம் பிரஜா சபை வேறு. முன்னது சட்டம் செய்ய. பின்னதில் உறுப்பினர்கள் ஊர்க் குறைகளைத் திவானிடம் எடுத்துச் சொல்வார்கள், திவான் பதில் சொல்வார். தலித் தலைவர் அய்யங்காளி 1912 முதல் தம் மக்களுக்கு நிலமும் பள்ளிச் சேர்க்கையும் கேட்டது அந்தப் பிரஜா சபையில்தான். இன்றைய உறுப்பினர் சட்டசபையில் உட்கார்ந்திருந்தாலும், அவருடைய அறிக்கை பிரஜா சபையின் வாரிசு. கேரள அவையில் ‘சப்மிஷன்’ என்று அழைக்கிறார்களே, அமைச்சரிடம் ஊர்த் தேவையைச் சொல்லும் அந்த முறை, திவான் முன்னால் நின்ற பழக்கத்தின் எச்சம் என்று கொள்ளலாம். ‘சப்மிஷன் வழி உன்னயிச்சு’, அதாவது எழுப்பினார், என்பதுதான் அறிக்கை முழுவதிலும் காணும் ஒரே கலப்பற்ற இறந்தகாலம். எழுப்பியதை வீடியோவும் சாட்சி சொல்லும்.

மேலும், மசோதாவை எழுதினாலும் நான்காம் காலத்திலிருந்து தப்ப முடியாது என்பதே நம் கோட்பாட்டின் உச்சச் சான்று. ‘மசோதா நிறைவேறியது’ என்றால் ஆளுநர் ஒப்புதல் வரவேண்டும். அதற்கு அரசியலமைப்பின் 200ஆம் பிரிவு தரும் கெடு ‘கூடிய விரைவில்’. இது நான்காம் காலத்துக்கே உரிய வினையடை. எட்டு மசோதாக்கள் கிடப்பில் இருப்பதாகக் கேரளம் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. ஆளுநர் ஒன்றில் ஒப்பமிட்டு ஏழைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் ‘அளிக்கப்பட்டதாகக் கருதப்படும்’ என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அப்படிக் கருதுவதற்கு இடமில்லை என்று நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். ‘பட்டதாகக் கருதப்படும்’ என்பதன் காலம் எது என்று நன்னூலாரை எழுப்பிக் கேட்டால், மறுபடி படுத்துக்கொள்வார். சொல் விடுபட்டால் கறார் காட்டவும் அவைக்குத் தெரியும்: 2021இல் தேவிகுளம் உறுப்பினர் தமிழில் எடுத்த உறுதிமொழியின் வாசகத்தில் குறை இருந்ததால் அவர் மறுபடி உறுதிமொழி எடுக்க நேர்ந்தது, இடையில் அவையில் உட்கார்ந்த நாளுக்கு 500 ரூபாய் வீதம் அபராதமும் விதிக்கப்பட்டது. அபராதம் உறுதிமொழியோடு நின்றுவிடுகிறது. செயல் அறிக்கையின் இலக்கணத்துக்கு அது நீளாது.

கூட்டத்தொடர் முடிவதே நான்காம் காலத்தில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவை ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது’. அந்த வாக்கியத்தைச் சொல்லும் நாற்காலியில் 2011 முதல் 2015இல் மறையும்வரை இருந்தவர் ஜி. கார்த்திகேயன், இதே அருவிக்கரையின் உறுப்பினர்; கல்லாற்றின் குரல் அவையை நடத்தியது, ஆனால் அவைத்தலைவர் சப்மிஷன் எழுப்ப முடியாது. தேதி குறிப்பிடாவிட்டாலும் இரண்டு கூட்டத்தொடர்களுக்கிடையே ஆறு மாதம் ஆகக் கூடாது என்று 174ஆம் பிரிவு வேலி கட்டியிருக்கிறது. பாலத்துக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை.

அறிக்கைகளுக்கு வெளியே, இந்த மலைப்பகுதியில் தூய இறந்தகாலம் கொண்டு பேசுவது மழை ஒன்றுதான். 2022 செப்டம்பரில் பொன்முடிச் சாலை இடிந்தது. தொகை இல்லை, கருத்தா இல்லை, ஒப்புதல் இல்லை, தன்வினை. மலை சில மாதங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிக்கிடந்தது. அறிக்கைகளைத் தாங்கும் பி.வி.சி. ஃபிளெக்ஸைக் கேரளம் 2019இல் தடைசெய்தது. ‘தடைசெய்தது’ எந்தக் காலம் என்பதை வாசகர் இந்நேரம் பிரித்தறிவார். வைத்த ஃபிளெக்ஸ் வீணாவதில்லை. விழா முடிந்ததும் அது கழற்றப்பட்டு விறகுக் குவியலுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் போகிறது. சாலையோரத்தில் நான்கு கம்பு நட்டு மேலே கட்டினால், பேருந்துக்கு நிற்கிறவர்கள் நனையாமல் நிற்கலாம். அண்ணாந்து பார்த்தால், நிழற்குடைக்கு நிதி ஒதுக்கப்பட்ட செய்தி தலைகீழாகத் தெரியும்.