இடமிருந்தால் பறப்போம்

விமான கம்பெனியில் வேலை என்று சொன்னால் சம்பளம் எவ்வளவு என்றுகூட யாரும் கேட்பதில்லை. "அப்ப ஃப்ளைட்டெல்லாம் ஃப்ரீயா?" என்பதுதான் முதல் கேள்வி. பெண் பார்க்கப் போன அன்று என் வருங்கால மாமனாரும் அதைத்தான் கேட்டார். நான் மறுக்கவில்லை. கல்யாணமும் நடந்துவிட்டது.

ஃப்ரீ இல்லை. எங்களுக்குக் கிடைப்பது ஐடி 90. அடிப்படைக் கட்டணத்தில் 90 சதவீதம் தள்ளுபடி; வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் முழுசாகக் கட்டியாக வேண்டும். அடுத்த கம்பெனி விமானத்தில் போவதற்கு 'ஸெட்' என்று ஒன்று உண்டு. தூரத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்து ஆளுக்கு இவ்வளவு என்று மலிவாக வைத்திருப்பார்கள். எதுவானாலும் நிபந்தனை ஒன்றுதான்: முழுக் காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால் நமக்கு. எங்கள் பேச்சில் இது சப்லோ.

மிஞ்சும் இடத்துக்கும் வரிசை உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஒரே பிரிவுக்குள் யார் முதலில் செக்-இன் செய்தாரோ அவர் முன்னால். டெல்டாவில் வேலையில் சேர்ந்த தேதிதான் கணக்கு. எங்கள் கம்பெனியும் தேதிக் கட்சிதான். அதனால் சப்லோ வரிசையில் இருவர் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே "நீங்க எந்த வருஷம் சேர்ந்தீங்க?" என்று கேட்டுக்கொள்வோம். எதிராளி நமக்கு இளையவர் என்று தெரிந்தால் அவர் மேல் ஒரு தனிப் பாசம் பிறக்கும். எல்லாம் கூடிவந்து, எனக்குத்தான் அந்தக் கடைசி இடம் என்று மனம் குளிர்ந்திருக்கும் வேளையில், கையில் ஒரு சின்னப் பையோடு ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் மெல்ல நடந்து வருவார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே வேலையில் சேர்ந்தவராக இருப்பார். "என்னப்பா, நல்லாயிருக்கியா?" என்று என் தோளைத் தட்டிவிட்டு விமானத்தில் ஏறிவிடுவார். ஓய்வூதியக்காரருக்கு என்ன அவசரம் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது.

செக்-இன் கவுன்ட்டர்தான் என் உத்தியோகம். வேலை நேரத்தில், தாமதமாக ஓடிவரும் பயணியைக் கைப்பிடித்து வரிசையின் முன்னால் நிறுத்துபவன் நான். அதே ஆள் விடுமுறையில் குடும்பத்தோடு அந்தக் கவுன்ட்டருக்கு இந்தப்பக்கம் நிற்கும்போது வேறு ஜென்மம் எடுத்துவிடுவான். புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு கவுன்ட்டர் மூடும். எழுபதாவது நிமிடத்தில் இன்னும் நான்கு பேர் வரவில்லை என்றால் என் மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். கத்திப்பாராவில் டிராஃபிக் நிற்கவேண்டும் என்று வேண்டுதல். "யாருக்கும் அடிபடக்கூடாது, சும்மா வண்டி நின்னாப் போதும்" என்று பிள்ளையாருக்கு விளக்கமும் சொல்லிவிடுவாள். அறுபத்திரண்டாவது நிமிடத்தில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த நால்வரும் ஓடிவருவார்கள். நாங்கள் நால்வரும் அவர்களைப் பார்த்துப் புன்னகை செய்வோம். அந்தப் புன்னகைக்குக் கம்பெனி தனியாகப் படி தரவேண்டும்.

ஏறிவிட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது. சாப்பாட்டில் குறை சொல்லக்கூடாது, ஜன்னலோரம் கேட்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் எப்படி வந்தோம் என்று மூச்சுவிடக்கூடாது. இதெல்லாம் என் அம்மாவுக்குப் பாடம் சொல்லித்தான் டெல்லி விமானத்தில் ஏற்றினேன். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே அவர் குரல் கேட்டது. "நீங்க எவ்வளவு குடுத்தீங்க? பன்னண்டாயிரமா! என் பையன் இங்கதான் வேலை. நாங்கல்லாம் சும்மா வந்தோம்." பன்னிரண்டாயிரம் கொடுத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். பாதுகாப்பு அட்டையை அவ்வளவு ஆழமாக அதற்குமுன் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

உடையிலும் கெடுபிடி உண்டு. 2017 மார்ச்சில் டென்வரில், ஊழியர் சலுகையில் பயணம் செய்யவந்த இரண்டு சிறுமிகளை லெக்கிங்ஸ் அணிந்திருந்ததற்காக யுனைடெட் ஏற்ற மறுத்தது. உலகமே சண்டைக்குப் போனது. இந்தச் செய்தியை என் மகள் எங்கிருந்தோ தேடிப்பிடித்துப் படித்துவிட்டாள். கல்யாண வீட்டுக்கு வருவதுபோல உடுத்தச் சொன்னால், "இடமே கிடைக்காத ஃப்ளைட்டுக்கு எதுக்குப்பா இவ்ளோ அயர்ன்?" என்கிறாள். பதில் இல்லை.

இடம் காலியாக இருந்தும் ஏற முடியாத கொடுமை ஒன்று இருக்கிறது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வழியில் அதை அனுபவிக்கலாம். அங்கே இறங்க முடியாமல் போனால் பக்கத்தில் ஒதுங்க வசதி கிடையாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டித் திரும்பவேண்டும். அதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டு போவதால் ஆள் எடையில் கைவைப்பார்கள். வெறும் இருக்கைகள் கண்ணெதிரே தெரியும். எடை இல்லை என்பார்கள். அப்படிச் சொல்லப்பட்ட நாளில் என் மைத்துனர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார், நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

இந்தச் சலுகையை உருப்படியாக அனுபவிக்க ஒரே வழி, ஊர் போகும் திசைக்கு எதிராகப் போவது. பொங்கலுக்கு முன்னால் சென்னையிலிருந்து மதுரைக்கு மூச்சுவிட இடமிருக்காது. காணும் பொங்கல் முடிந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்பும்போது, மதுரை போகும் விமானத்தில் காலை நீட்டிப் படுக்கலாம். ஆகவே மாமியார் வீட்டில் எங்களுக்குத் தனிப் பொங்கல். மார்கழியில் வெளிநாட்டுச் சொந்தங்கள் இறங்கும் சமயம், விமான நிலையம் பக்கமே தலைகாட்டக்கூடாது. வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களும் ஆகாது. ஆடிதான் எங்கள் சீசன். நாடெங்கும் துணிக்கடைக்குக் கூட்டம் போக, நாங்கள் மட்டும் வானத்தில் தள்ளுபடி தேடுவோம். அஷ்டமி, நவமியில் கட்டாயம் இடமிருக்கும் என்பது என் மனைவியின் சித்தாந்தம். லோட் கணக்கைப் பார்த்த வரையில் அதற்கு ஆதாரம் தென்படவில்லை. ஆனாலும் அவளிடம் சொல்லவில்லை.

போவதைவிடத் திரும்புவதுதான் பெரும்பாடு. சிங்கப்பூரில் விமானத்துக்கு மேல் விமானமாக நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது; விடுப்பும் முடிந்துவிட்டது. மேலாளருக்குப் போன் போட்டேன்.

"சார், நம்ம ஃப்ளைட்லயே இடமில்ல சார். எல்லாம் ஃபுல்."

"ஃபுல்லா? ரொம்ப சந்தோஷம்ப்பா! நாளைக்கு எப்படி?"

"நாளைக்கும் ஃபுல் சார்."

அவர் மகிழ்ச்சியில் என் விடுப்பை நீட்டித்தார், சம்பளமில்லாமல்.

கல்யாணம், காதுகுத்து என்று தேதி குறித்த விசேஷங்களுக்கு இப்போதெல்லாம் ரயில்தான். 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும் காலையில் மனைவி போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறாள். அதிலும் வெயிட்டிங் லிஸ்ட் வந்தால்தான் எனக்குச் சற்று இயல்பாக இருக்கிறது.

தேதி குறிக்காத பயணங்களுக்குப் பெட்டியில் ஸ்வெட்டரும் இருக்கும், கடற்கரைச் செருப்பும் இருக்கும். போன ஆடியில் பெட்டியோடு இறங்கியபோது கீழ்வீட்டு மாமா கேட்டார்: "எந்த ஊருக்குப்பா கிளம்பிட்டீங்க?"

"ஸ்ரீநகர் மாமா. இல்லைன்னா கொச்சி."

"கொச்சியும் இல்லைன்னா?"

"பதினொரு மணிக்கு வந்துருவோம் மாமா," என்றாள் மனைவி. "பால் பாக்கெட் மட்டும் எடுத்து வெச்சிடுங்க."