சொக்கப்பனைக்கு அடியில பாய் விரிச்சு...

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. அந்தியூருக்கு வடக்கால, பர்கூர் மலையடிவாரத்துல அஞ்சு ஏக்கரா கிரயம் பண்ணிட்டீங்களாமா? நெம்ப சந்தோசம். ஓலை வேஞ்ச காட்டேஜ் நாலு, ராத்திரிக்குக் கேம்ப் ஃபயர், சுத்தியும் கை படாத காடு. அருமையான ரோசனைங்க. கார்த்திகைக்குக் கோயில் முன்னால சொக்கப்பனை கட்டிக் கொளுத்துறோமே, அதுக்கு அடியில பாய் விரிச்சுப் படுக்கலாம்னு எங்க காலத்துல ஒருத்தனுக்கும் புத்தி போகலையே!

கோவிச்சுக்காதீங்க, மோரு குடிங்க. நீங்க வாங்குன எடம் எங்களுக்குக் கொள்ளுக்காடு. எங்க பேச்சுல மானாவாரி நெலத்துக்கும் காடுன்னுதான் பேரு. மலைக்காட்டுக்கும் ஊருக்கும் நடுவால இந்தக் கொள்ளுக்காடு, சோளக்காடுதான் கெடந்துது. புரட்டாசியில கொள்ளு வெதைப்போம், தையில அறுப்போம். மிச்சத்தை ஆடு மாடு மேஞ்சு நெலத்தை மொட்டையடிச்சுரும். மாசி, பங்குனியில மலையில தீ எறங்குனா அந்த மொட்டை நெலத்துக்கு வந்து, திங்க ஒண்ணுமில்லாம படுத்துக்கும். அதை ஆரும் தீத்தடுப்புக் கோடுன்னு சொல்லலைங்க. பொழப்புன்னு சொன்னோம்.

அப்பறம் பசங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க. கொள்ளுக்காட்டுல கல்லு நட்டுப் புரோக்கர் வந்தாரு, உங்க கைக்கு வந்துது. நீங்க கம்பி வேலி போட்டு, “இயற்கையா இருக்கட்டும்”னு உட்டுட்டீங்க. இயற்கை சும்மா இருக்குமா? இடுப்பளவு புல்லும், அதுக்கு மேல உன்னியும் வளந்து நிக்குது.

அந்த உன்னிச் செடி நம்ம ஊருதில்லைங்க. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800-கள் தொடக்கத்துல வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு அழகா இருக்கும்னு கொண்டாந்தான். பழத்தைக் குருவி தின்னு மலை பூராத் தூவிருச்சு. கூடலூர்ப் பக்கம் மலைசாதிப் பசங்க அந்தக் குச்சியிலயே ஆளுயர யானை செஞ்சு, அதுங்களை 2021-ல லண்டன் பூங்காவுல நிறுத்துனாங்க. சீமைக்காரன் கொண்டாந்ததை யானையாக்கி அவன் ஊட்டு வாசலுக்கே அனுப்பியும், இங்க உன்னி கொறஞ்சபாடில்லை.

பேரனுக்கு ஒருநா வாசல்ல செஞ்சு காட்டுனேன், பக்கத்துல ரெண்டு கொடம் தண்ணி வெச்சுக்கிட்டு. ஒரு கூடை சருகைப் பரப்பிப் பத்தவெச்சேன். கணுக்கால் ஒசரத்துக்கு எரிஞ்சு அணைஞ்சு போச்சு. அடுத்து, ஒரு மூங்கில் கம்பை நட்டு, காஞ்ச உன்னிக் கொடியை அதும்மேல சாத்தி, அதே சருகைக் கீழ போட்டேன். படபடன்னு சத்தம். தீ ஏணியில ஏறுறாப்புல நுனிக்குப் போயிருச்சு. பேரன் கேட்டான், “தாத்தா, இது சொக்கப்பனைதானே?” பள்ளிக்கூடத்துப் பையனுக்குப் புரிஞ்சுதுங்க.

மேக்கால பிளிகிரிரங்கன் மலையில சோளகருங்கற மலைசனங்க சருகு நெருப்புன்னு ஒண்ணு வெப்பாங்க. அவங்க பேச்சுல தரகு பெங்கி. வெயில் முத்தறதுக்கு முன்னாலயே சின்னதா எரிச்சு உட்டுருவாங்க. 1974-ல அந்த மலை சரணாலயமாச்சு, அந்த நெருப்பும் நின்னுது. அதுக்கப்பறம்தான் உன்னி தலை எடுத்துதுன்னு சோளகப் பெரியவங்க சொல்றாங்க. ஆராய்ச்சிக்கு வந்தவங்களும் அதைக் கேட்டு எழுதி வெச்சிருக்காங்க.

இங்க பர்கூர் மாடு, செவலையில வெள்ளைத் திட்டு, காட்டுக்குள்ள பட்டி போட்டு மாசக்கணக்குல மேயும். 2022-ல சென்னை உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுல மேய்ச்சலுக்குத் தடை போட்டுது. புலிக்கும் மானுக்கும் எடம் வேணுந்தான், நான் மறுக்கலைங்க. ஆனா மாடு திங்காத புல்லை எதோ ஒண்ணு தின்னுதானே ஆகணும்?

“அப்ப நீங்கெல்லாம் யோக்கியமா?”ன்னு கேப்பீங்க. இல்லைங்க. புதுப்புல்லு மொளைக்கட்டும்னு பத்தவெச்சவனும், பீடியைத் தூக்கிப் போட்டவனும் எங்க ஆளுங்கதான். நம்ம நாட்டுக் காட்டுல தீ பெரும்பாலும் மனுசன் கையில இருந்துதான் பொறக்குது. ஆனா ஒரு பீடி எத்தனை ஏக்கரா எரிக்கும்ங்கறதை, கீழ அடுக்கி வெச்ச வெறகுதான் முடிவு பண்ணும். 2019 பிப்ரவரியில பந்திப்பூர்ல பத்தாயிரம் ஏக்கராவுக்கு மேல போச்சு. 2018 மார்ச்சுல குரங்கணி மலையில, காஞ்ச புல்லுக்கு நடுவால மாட்டிக்கிட்டு 23 உசுரு போச்சு. அதை நெனைச்சா எனக்குக் கிண்டல் வர்றதில்லைங்க.

இப்ப காட்டுல தீப்புடிச்சா சேட்டிலைட்டு பாத்து ஆபீசர் போனுக்குச் சேதி அனுப்புதாமா. நல்லதுதான். ஆனா சேட்டிலைட்டு எறங்கி வந்து சருகு கூட்டாதுங்களே.

அதனால, கெழவன் பேச்சைக் கேக்கறதா இருந்தா கேளுங்க. தை பொறக்கறதுக்குள்ள உன்னியை வேரோட புடுங்குங்க. வெட்டி மட்டும் உட்டா மறுபடி துளுத்துக்கும். ஓலையை எறக்கிட்டு ஓடு போடுங்க. வேலியோரம் சருகைக் கூட்டி மண்ணு தெரிய வையுங்க. மாசியில இருந்து மழை எறங்கற வரைக்கும் கேம்ப் ஃபயர் பேச்சே வேண்டாம். மீதி நெலத்துல கொள்ளு வெதைங்க. விருந்தாளிக்குக் கொள்ளு ரசம் ஊத்தி, ஆர்கானிக்னு எழுதிக் காசு வாங்கிக்குங்க, நான் குறுக்க வரமாட்டேன்.

தீ உங்க போர்டைப் படிச்சுட்டு நிக்காதுங்க மாப்ள. அறுத்த கொள்ளுக்காட்டைப் பாத்தா நிக்கும்.