போலிக்கு அசல் எங்கே?

கேள்வி: இலக்கண வகுப்பில் படித்த 'போலி'க்கும், செய்தித்தாளில் வரும் போலி டாக்டர், போலிச் சாமியாருக்கும் ஏதாவது உறவு உண்டா?
– ஒரு வாசகர், திருவரங்குளம்

பதில்: ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். 'கொல்'லோடு இகரம் சேர்ந்து பூச்சிக்கொல்லி வந்த மாதிரி, 'போல்' என்பதோடு இகரம் சேர்ந்து போலி வந்தது. போன்று இருப்பது என்பதே பொருள். வஞ்சகம் சொல்லுக்குள் இல்லை. இலக்கணத்தில் பந்தல் பந்தர் ஆகும், நலம் நலன் ஆகும். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. ஆள் போலியில் எல்லாம் தலைகீழ். வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், பெயர்ப்பலகை அத்தனையும் அப்படியே இருக்கும், படிப்பு மட்டும் இருக்காது. பார்வைக்கு மனிதரைப் போலவே இருக்கும் கயவரைக் கண்டு வியந்துதான் வள்ளுவரும் கயமை அதிகாரத்தைத் தொடங்குகிறார். அங்கே அவர் கையாளும் வினையும் 'போல்'தான்.

ஆனால் ஒன்றைப் போலி என்று சொல்ல, பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் அசல் வேண்டும். பந்தருக்குப் பந்தல் இருக்கிறது. டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் இல்லையா, ஆள் போலி, பேச்சு முடிந்தது. சாமியாருக்குப் பதிவேடு ஏது? உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து வழக்கையே பாருங்கள். வாயிலிருந்து லிங்கம் எடுத்த வரை பக்தர்களுக்குச் சாமியார் பிரேமானந்தா அசல். 1994இல் கைதானதும் பத்திரிகைகளுக்குப் போலி. ஆசிரமச் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும், ஒரு கொலைக்கும் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. நீதிபதி பானுமதியின் முன் இருந்த கேள்வி அவருடைய துறவு அசலா என்பதல்ல. மரபணுச் சோதனை என்ன சொல்கிறது என்பது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. இவ்வளவுக்குப் பிறகும் 'போலிச் சாமியார்' என்று எழுதினால், காவி கட்டி ஏமாற்றியதுதான் அவர் செய்த தப்பு என்றாகிவிடுகிறது; அந்தச் சிறுமிகள் செய்தியிலிருந்தே காணாமல் போகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

பொய்த் துறவியருக்கென்றே கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரம் இருக்கிறதே, அது அளவுகோல் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அளவுகோல்தான். ஆனால் அது சாயலை அளப்பதில்லை. நேராக இருக்கும் அம்பு கொல்லும், வளைந்த யாழ் இனிமை தரும் என்று காட்டி, செயலைப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். செயலைப் பார்த்த பிறகு 'போலி' என்ற அடைமொழிக்கு அங்கே வேலையில்லை. போலி டாக்டரைத் தாராளமாக அப்படியே எழுதுங்கள். பிரேமானந்தாவைக் கொலை, பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி என்று எழுதுங்கள்.