அருவிக்குப் போகிற வழியில்

எண்பதுகளில் மார்கன்டவுனில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு வார இறுதி என்றால் ஒரு பழைய கார், பெட்ரோல் பங்கில் சும்மா கொடுத்த வெஸ்ட் வர்ஜீனியா வரைபடம், 36 படம் எடுக்கிற பிலிம் சுருள், இவ்வளவுதான். அந்த 36இல் பாதியை பிளாக்வாட்டர் அருவிக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியை வழியில் தென்படுகிறவற்றுக்குப் பங்கிட்டுக்கொள்வோம். இன்று அதே அருவியின் முன்னால் நின்று என் மகன் ஒரு நிமிஷத்தில் அதைவிட அதிகமாக எடுத்துவிடுகிறான். எடுக்கட்டும். ஹெம்லாக், ஸ்ப்ரூஸ் மரங்களின் ஊசியிலைகள் ஊறி, டிகாஷன் நிறத்தில் 57 அடி விழுகிற அந்தத் தண்ணீர் அன்றும் இப்படித்தான் விழுந்தது. மாறியிருப்பது அருவிக்குப் போகிற வழி. அந்த வழிதான் எனக்கு அருவியைவிட அதிகமாக நினைவிருக்கிறது.

அப்பலாச்சிய மலைப்பாதைகளில் வரைபடம் ஓரளவுக்குத்தான் உதவும். அதற்கப்புறம் யாரையாவது கேட்டாக வேண்டும். கடை வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர், மர ஆலை இருந்த இடத்தில் இடது பக்கம் திரும்புங்கள் என்பார். ஆலை போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், ஆனால் அவர் கண்ணுக்கு அது அங்கேதான் இருக்கும். வழி சொல்லி முடிப்பதற்குள் எந்தச் சுரங்கத்தில் தன் அப்பா வேலை பார்த்தார் என்பதும் வந்துவிடும். கையில் பெப்பரோனி ரோலை வைத்துக்கொண்டு நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். சூடாக்கத் தேவையில்லாமல் சுரங்கத்துக்குள் கொண்டுபோகலாம் என்று ஃபேர்மான்டில் ஒரு இத்தாலிய பேக்கரிக்காரர் 1920களில் செய்து கொடுத்த பண்டம் அது. பிய்த்தால் வெள்ளை ரொட்டியின் உட்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் இறங்கியிருக்கும். ரோல் இன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. வழி கேட்கத்தான் காரணம் இல்லாமல் போய்விட்டது. ஜிபிஎஸ் ஒரு திருப்பத்தையும் தவறவிடுவதில்லை.

பிலிப்பியில் டைகார்ட் வேலி ஆற்றின் மேல் லெமுவல் செனோவெத் 1852இல் கட்டிய மரப்பாலத்தை முதலில் பார்த்தபோது, பாலத்துக்கு எதற்கு வீட்டைப் போல் கூரை என்று கேட்டேன். மழை பட்டால் உத்திரமும் வளைவும் உளுத்துவிடும். கூரை போட்டால் தலைமுறை தலைமுறையாக நிற்கும், அவ்வளவு எளிய காரணம். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் 1861இல் படைகள் கடந்த அந்தப் பாலத்தின் வழியாகத்தான் இன்றும் 250ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. வெயிலிலிருந்து சட்டென்று உள்ளே நுழைந்தால் கண் பழகுவதற்குள் அக்கரை வந்துவிடும். 1989 பிப்ரவரியில் சிந்திய பெட்ரோல் தீப்பிடித்து அது எரிந்த செய்தியைப் படித்த நாள், சொந்தக்காரர் வீடு எரிந்ததைப் போல்தான் இருந்தது. பேராசிரியர் எமரி கெம்ப் தலைமையில், கருகியும் உயிரோடிருந்த மரங்களைக் காப்பாற்றி, 1991இல் பழைய தோற்றத்துக்கே கொண்டுவந்தார்கள். யார் பாராட்டினாலும் தகும்.

காஸ் என்கிற மர ஆலை ஊருக்கும் அப்படி ஒரு அதிர்ஷ்டம். 1960இல் ஆலை மூடியதும் பழைய இரும்பாகப் போகவிருந்த தண்டவாளத்தை மாநில அரசு வாங்கி, 1963 முதல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. பல்சக்கரம் கோத்த ஷே என்ஜின் பெருமூச்சு விட்டுக்கொண்டு இன்றும் மலையேறுகிறது. பக்கத்து கிரீன் பேங்கில் வானொலித் தொலைநோக்கிகள் இருப்பதால் 1958 முதலே சுற்றிலும் 13,000 சதுர மைல் ரேடியோ அமைதி மண்டலம். காஸில் கைபேசிக்குச் சிக்னல் வராது. “என்னப்பா, டவரே இல்ல” என்று புலம்பிய மகன், கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சட்டையெல்லாம் கரித்தூளோடு திரும்பினான். அவனுக்கு நான் காட்ட விரும்பியதெல்லாம் அதில் வந்துவிட்டது.

தெற்கே நியூ ரிவர் பள்ளத்தாக்கில் 1977இல் 876 அடி உயரத்தில் பாலம் வந்ததும், வளைந்து வளைந்து இறங்கி ஏறிய முக்கால் மணிப் பயணம் ஒரு நிமிஷமாகச் சுருங்கியது. அதே பள்ளத்தாக்கில் வேறொரு இடத்தில் ஆற்றோரம் இருக்கிற தர்மண்ட், பாலத்தில் போகிற யார் கண்ணுக்கும் படாது. 1921 வரை ரோடே இல்லாத ஊர் அது. கடைவீதி உண்டு, வீதி கிடையாது. வங்கியும் கடைகளும் வாசலைத் தண்டவாளத்துக்குத் திறந்துவைத்திருக்கும். ஒரு காலத்தில் நாளைக்கு 15 பயணி ரயில்கள் நின்றன. நீராவி என்ஜினுக்குக் கரி போட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், சாம்பல் வார வேண்டும். அத்தனைக்கும் ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறும் படுக்கையும் வேண்டும். அதுதான் ஊர். ஐம்பதுகளில் டீசல் வந்தது. அதற்கு இது எதுவும் வேண்டாம், நிற்காமல் போய்விட்டது. பாழடைந்து கிடந்த ஸ்டேஷனின் ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தோம், எண்பதுகளில். 1995 முதல் பூங்காத்துறை அதைப் பழுதுபார்த்து, பயணிகள் தகவல் மையமாக வைத்திருக்கிறது. கரி கொட்டும் கோபுரம் கொடி படர்ந்து அப்படியே நிற்கிறது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 5.

நியூயார்க்கிலிருந்து சிகாகோ போகிற கார்டினல் ரயில் வாரத்தில் மூன்று நாள் இன்னும் அந்த வழியாகப் போகிறது. ஏறவோ இறங்கவோ டிக்கெட் எடுத்த ஆள் இருந்தால் தர்மண்டில் நிற்கும். இலை நிறம் மாறுகிற அக்டோபரில், காரை விட்டுவிட்டு, எங்கள் டிக்கெட்டுக்காக அந்த ரயில் அங்கே நிற்க வேண்டும் என்பது என் ஆசை. “இறங்கிடலாங்க. அடுத்த ரயில் வர்ற வரைக்கும் அந்த அஞ்சு பேர்ல யார் வீட்ல தங்கறது?” என்கிறாள் மனைவி. ஃபேயட்வில்லில் அறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கிருந்து தர்மண்ட் ஸ்டேஷனுக்கு வந்து எங்களைக் கூட்டிப்போக ஆள் கிடைத்தால் டிக்கெட் போட்டுவிடலாம்.